தள்ளி உட்காரச் சொன்னவர்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மரியாதைக்காக என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எழுதினால் அதை நானே திரும்பப் படிக்க வேண்டியிருக்கும், அது எனக்குப் பிடிக்கவில்லை. 'அவர்' என்று எழுதுவதும் பழக்கத்தில்தான். ஆறு வருஷம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். 'அவன்' என்று நாலைந்து தடவை எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. அதற்கும் சேர்த்து அவர் மேல் கோபம் எனக்கு.

அறுபதுகளின் கடைசி. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற ஒரு சின்ன யூனிட்டில் அவர் சூப்பர்வைசர். களி கரைக்கிறவர்கள், அச்சில் ஊற்றுகிறவர்கள், சூளை போடுகிறவர்கள், சாயம் தீட்டுகிற பெண்கள் என்று முப்பது பேர் இருந்தோம். சாயங்காலம் வேலை விட்டு வரும்போது மாவு மில்லில் இருந்து வருகிற மாதிரி இருப்போம். புருவம் வரைக்கும் வெள்ளை. அவர் மட்டும் கருநீலச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். சாயங்காலம் வரைக்கும் அதில் ஒரு பொட்டு வெள்ளை படாது. எதன் மேலும் சாய மாட்டார். யாருக்கும் பக்கத்தில் நிற்க மாட்டார். பேச வேண்டியதை இரண்டு கை தூரத்தில் நின்று பேசுவார்.

அவர் வாயில் அதிகம் வந்த சொல் "தள்ளி உக்காரு" என்பதுதான். டீ குடிக்கும்போது இரண்டு ஆண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சிரித்தால், "தள்ளி உக்காருங்கப்பா." பொம்மைகளை அடுக்கிச் சூளைக்குள் வைக்கிற மண்பெட்டிகளைக் கைக்குக் கை வீசி மாற்றும்போது எவனாவது கேலி பேசினால், "தள்ளி நில்லு." கோபமாகச் சொல்ல மாட்டார். திட்டவும் மாட்டார். அதுதான் எனக்கு ஆகாது. திட்டினால் திருப்பித் திட்டலாம். இவர் ஒரு அலமாரியில் சாமானை நகர்த்தி வைக்கிற மாதிரி மனுஷர்களை நகர்த்தி வைப்பார்.

சாயக் கொட்டகையில் நானும் அஞ்சலையும் ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தோம். இருவரும் ஸ்டேஷனுக்குப் பின்பக்கத் தெரு, ஒன்றாகவே வேலைக்குச் சேர்ந்தவர்கள். பொம்மைக்கு நான் உதட்டுச் சிவப்பு வைப்பேன், அவள் கண் எழுதுவாள். கண் எழுதுவதுதான் அங்கே பெரிய வேலை. இரண்டே இழுப்பில் எழுத வேண்டும், கை நடுங்கினால் கிருஷ்ணன் மாறுகண் ஆகிவிடுவான். அஞ்சலைக்கு நடுங்கியதே இல்லை. நான் அசந்திருக்கும்போது என் முழங்கையில் ஒரு கண் எழுதிவிடுவாள். நான் அவள் ஜடையைப் பிடித்து இழுப்பேன். அவள் என் தொடையைக் கிள்ளுவாள். "ஆ" என்பேன், உடனே விட்டுவிடுவாள். அப்புறம் நான் கிள்ளுவேன். பள்ளிக்கூடம் போகிற வயசு இல்லை எங்களுக்கு, இருபதைத் தாண்டியவர்கள். ஆனாலும் அந்தக் கிள்ளலும் இழுப்பும் இல்லாவிட்டால் எட்டு மணி நேரம் அந்தப் பலகையில் உட்கார்ந்திருக்க முடியாது.

ஒருநாள் அவர் வந்து பார்த்தார். "நீ அந்தக் கோடிக்குப் போ. நீ இங்கயே இரு. முதுக காட்டி உக்காருங்க" என்றார்.

"என்னா சார், சும்மா சிரிச்சதுக்கா?" என்றேன்.

"சிரிக்கிறது சண்டையில முடியும்மா. தள்ளி உக்காரு."

உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த மாதம் எங்கள் பலகையில் பொம்மை உடைவது குறைந்தது. முதலாளி அவரைப் பாராட்டினார். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த எங்களுக்குத்தான் ஒரு மாதம் ஒரு வருஷம் மாதிரிப் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் செவலை நாய் குட்டி போட்டது. யாருடைய நாயும் இல்லை, எங்கள் மிச்சச் சோற்றில் வளர்ந்தது. பொம்மைகளைப் பெட்டி கட்டுவதற்காகக் குவித்து வைத்திருந்த வைக்கோலில் ஐந்து குட்டி போட்டது. கண் திறந்து, கால் ஊன்றி, மூன்று நாலு வாரத்தில் அதுகள் பண்ணிய அட்டகாசம் கொஞ்ச நஞ்சம் இல்லை. மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தால் எங்கள் கண் அங்கேதான் இருக்கும். ஒன்று மற்றதன் காதைக் கவ்வும். கவ்வப்பட்டது 'கய்ங்' என்று கத்தும். கத்தின உடனே கவ்வியது வாயைத் திறந்துவிடும். இரண்டும் ஒன்றையொன்று திகைத்துப் பார்க்கும். அப்புறம் கடிபட்டதே முன்னங்கால் இரண்டையும் தரையோடு நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஆட்டி, இன்னொரு ஆட்டத்துக்குக் கூப்பிடும். எல்லாவற்றிலும் பெரிசு ஒரு கறுப்புக் குட்டி. நோஞ்சான் குட்டி வந்து மோதினால் அது தானாகவே மல்லாந்து விழுந்து வயிற்றைக் காட்டும். ஜெயித்த நோஞ்சான் அதன் மேல் ஏறி நின்று ஊரைப் பார்க்கும். அஞ்சலை சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போவாள்.

அவர் வந்து நின்றார். இரண்டு கை தூரம்.

"என்னா சண்டை போடுதுங்க பாரு" என்றார்.

"சண்டை இல்லீங்க சார். வெளையாடுதுங்க" என்றாள் அஞ்சலை.

"எல்லாம் ஒண்ணுதான்." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விளக்கம் சொன்னார். யூனிட்டுக்கு ஒரு காவல் நாய் வேண்டும் என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். நல்லூர்ப் பக்கம் அவர் ஊரில் கொல்லைக் காவலுக்கு நாய் வளர்க்கிறவர்கள் குட்டியைச் சீக்கிரமே பிரித்துவிடுவார்களாம். "இதுங்க கடியெல்லாம் கூடப் பொறந்ததுங்க மேலயே கடிச்சித் தீத்துடும். அப்பறம் திருடன் வந்தா வாலாட்டிக்கிட்டு நிக்கும். தனியா போட்டம்னா, கடி அப்படியே உள்ள சேந்து நிக்கும். வேண்டிய நேரத்துல வெளிய வரும்."

தண்ணீர்த் தொட்டி நிரம்புவதைச் சொல்வது மாதிரி சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த சூளைக்காரர்கள் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். எனக்கே ஒரு நிமிஷம் சரிதானோ என்று பட்டது.

யூனிட்டுக்குப் பின்னால் காலி மனையில், பக்கத்து யூனிட்டுக்காரர்கள் விரிசல் விட்ட சாக்கடைக் குழாய்களைப் போட்டு வைத்திருந்தார்கள். பெரிய குழாய்கள், ஒரு குழந்தை தவழ்ந்து உள்ளே போகலாம். அதில் ஒன்றில் கறுப்புக் குட்டியை விட்டு, ஒரு பக்கம் செங்கல் வைத்து அடைத்தார், மறு பக்கம் இரும்புக் கம்பி நட்டார். மற்ற நாலையும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார். தாய் நாய் குழாயைச் சுற்றிச் சுற்றி வந்தது. கம்பிக்கு வெளியே படுத்துப் பால் கொடுக்கப் பார்த்தது. மடி எட்டவில்லை. மூன்றாம் நாள் அது போவதை நிறுத்திவிட்டது. குட்டி மட்டும் நாலைந்து நாள் கத்தியது. அப்புறம் அதுவும் நிறுத்திவிட்டது.

சோறு அவர் ஒருவர்தான் வைக்க வேண்டும் என்று உத்தரவு. அஞ்சலை கேட்கிற ஆளா? அவர் ஆபீஸ் அறைக்குப் போனதும் கம்பி வழியே சோற்று உருண்டையைத் தள்ளுவாள். குட்டி அவள் விரலைச் சேர்த்துக் கவ்வும். "யம்மா, பல்லு ஊசியாட்டம் இருக்குதுடி" என்று கையை உதறுவாள். அதற்கு மணி என்று பெயர் வைத்தாள். அவர் கடைசி வரைக்கும் 'ஏய்' என்றுதான் கூப்பிட்டார்.

குழாய் சின்னதாகிப் போனதும் மணியை வெளியே எடுத்துச் சங்கிலியில் கட்டினார். குழாயின் வாயிலேயே கட்டியிருந்ததால் வெயிலுக்கு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். ஒரு வருஷத்துக்குமேல் ஆகி, கன்றுக்குட்டி உயரம் வளர்ந்துவிட்டது. யார் போனாலும் குரைக்கும், சங்கிலியை இழுத்துக்கொண்டு எழும்பி நிற்கும். ஆள் பயந்து ஓடுவார்கள். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். அஞ்சலை போனால் மட்டும் குரைக்காது, குதிக்கும். "இது பயமுறுத்தல, கூப்புடுதுடி" என்பாள் அவள். நான் நம்பவில்லை.

பங்குனி மாதம், மத்தியானம். கழுத்துப் பட்டை இறுகிப் போய்விட்டது என்று மாற்றுவதற்காக அவர் அவிழ்த்தார். அவிழ்த்த நொடியில் மணி அவர் கைக்கடியில் நழுவி, அவரைப் பின்மனையிலேயே விட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடி வந்துவிட்டது. மற்றவர்கள் கொட்டகைக்குள் ஓடினார்கள், நான் கொட்டகை வாசலோடு நின்றுவிட்டேன். அஞ்சலை மட்டும் சோற்றுத் தூக்கோடு முற்றத்தில் நின்றிருந்தாள். மணி அவளைப் பார்த்தது. அதற்கப்புறம் அது செய்ததை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். முன்னங்கால் இரண்டையும் தரையோடு நீட்டியது. பின்பக்கத்தைத் தூக்கியது. வாலை ஆட்டியது. வைக்கோலில் அதன் கூடப் பிறந்ததுகளோடு நாலு வாரக் குட்டியில் செய்ததேதான். மறக்கவில்லை.

அஞ்சலை சிரித்துவிட்டாள். தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டி, "வாடா மணி" என்றாள்.

வந்து அவள் வலது கையைக் கவ்வியது. அவள் அலறினாள். அலறல் கேட்டால் வாயைத் திறக்க வேண்டும் என்று அதற்கு யாரும் கற்றுக்கொடுத்து முடிக்கவில்லை. கற்றுக்கொடுத்திருக்க வேண்டிய நாலு பேரையும் நாலு ஊருக்குக் கொடுத்தாயிற்று. அவள் கத்தக் கத்த அதற்கு ஆட்டம் சூடு பிடித்தது. இன்னும் இறுக்கியது, தலையை உதறியது. வால் மட்டும் நிற்கவே இல்லை. சூளைக்காரர்கள் கம்பியோடு ஓடி வந்து அடித்துப் பிரித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. நாய் பத்து நாள் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார், அதனால் அதைக் கொல்லவில்லை. நாய் நன்றாகவே இருந்தது. அஞ்சலைக்குத்தான் கட்டைவிரலும் அதற்கு அடுத்த விரலும் மடங்கவில்லை. அந்த இரண்டு விரலுக்கும் நடுவில்தான் தூரிகை நிற்கும்.

முதலாளி விசாரிக்கப் போகிறார் என்று தெரிந்ததும் அஞ்சலை என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

"இதப் பாரு. நாய் அதுவா வந்து கடிச்சிருந்தா வேற வேலை தரேன்னு மொதலாளி சொன்னாராம். நான் போயி வம்பு இழுத்திருந்தா தர மாட்டாராம். கிட்டக்க நின்னு பாத்தவ நீ ஒருத்திதான். நான் சும்மா நடந்து போனேன், அது வந்து கவ்விடிச்சி. அம்புட்டுத்தான் சொல்லணும்."

"சரிடி."

"வேற ஒண்ணும் பேசாத. ஒன் வாயி எனக்குத் தெரியும்."

"சொல்றேன்டி. சத்தியமா."

ஆபீஸ் அறையில் முதலாளி உட்கார்ந்திருந்தார். அவர் சுவரோரம் நின்றிருந்தார், சுவர் மேல் படாமல். முதலாளி என்னைக் கேட்டார். நான் அஞ்சலை சொன்னபடியே சொன்னேன். நடந்து போனாள், வந்து கவ்விற்று. முதலாளி பெருமூச்சு விட்டார். "பாவம். கை ஆறட்டும். பெட்டி கட்டுற எடத்துல உக்கார வச்சிக்கலாம்" என்றார். முடிந்துவிட்டது. நான் திரும்பி இரண்டு அடி வைத்தேன். வாசலைத் தாண்டியிருந்தால் போதும்.

அப்போது அவர் பேசினார். குரலில் அப்படி ஒரு நிறைவு.

"எப்பேர்ப்பட்ட நாயி பாத்தீங்களாங்க. தனியா வளத்ததுக்குப் பலன். கூட்டத்தோட வளந்திருந்தா வாலாட்டிக்கிட்டு நின்னிருக்கும்."

எனக்கு உச்சந்தலையில் ஏறியது. எனக்கு அப்படித்தான் ஏறும், இன்றைக்கும் ஏறும்.

"வாலாட்டிக்கிட்டுதான் சார் கடிச்சிச்சி!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை.

"அது காவல் காக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெளையாட வந்திச்சி. கூடப் பொறந்ததுங்களோட உட்டிருந்தா, கத்தினா உடணும்னு தெரிஞ்சிருக்கும். நீங்க கொண்டுபோயி குழாயில போட்டீங்க. அஞ்சலை கைதட்டிக் கூப்புட்டா, அது ஆசையா ஓடி வந்திச்சி, உடத் தெரியல. அதுக்கு உடத் தெரியாம பண்ணது நீங்கதான் சார்!"

நியாயம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் என்று மூச்சு வாங்கியது. அவர் முகம் செத்துப்போகும் என்று எதிர்பார்த்தேன். அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார்.

"அப்ப, அந்தப் பொண்ணு கைதட்டிக் கூப்புட்டுச்சா?"

நான் வாசலைப் பார்த்தேன்.

"வெளையாட்டு" என்றார் அவர், தரையைப் பார்த்து. ஒரே ஒரு வார்த்தை.

அஞ்சலையை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். பத்து நாள் கழிந்ததும் மணிக்குப் புதுப் பட்டை, புதுச் சங்கிலி. நல்ல காவல் நாய் என்று ஊரில் பெயரும் கிடைத்துவிட்டது.

அஞ்சலையை நிறுத்திய மறுநாளே அவர் வீட்டுக்குப் போனேன். காலில் விழுந்தாவது அஞ்சலைக்கு வேலை கேட்பது, கொடுக்காவிட்டால் தெரு கூடும்படி கத்துவது என்று போனேன். அவர் இல்லை. அவர் மனைவி கதவைத் திறந்தார், என்னை உட்காரச் சொன்னார். எட்டு வயசுப் பையன் ஒருவன் பாய் விரித்துத் தனியாகக் கோலி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தானே அடித்தான், தானே எடுத்தான்.

"ஒரே புள்ளைங்களாக்கா?" என்றேன், கத்துவதற்கு முன்னால் ஏதாவது பேச வேண்டுமே என்று.

"ரெண்டும்மா. பெரியவன் திட்டக்குடியில எங்க அண்ணன் வூட்டுல இருக்கான். ரெண்டும் ஒண்ணா இருந்தா கட்டிப் பொரளுதுங்க. இவரால பாக்க முடியாது. அடிச்சிக்குவானுங்க, அடிச்சிக்குவானுங்கன்னு பதறுவாரு. ஒருநாள் பெரியவன கொண்டுபோயி உட்டுட்டு வந்துட்டாரு. நாலு வருசம் ஆவுது."

"அடிச்சிக்கிட்டானுங்களா?"

"எங்கம்மா? சிரிச்சிக்கிட்டுத்தான் பொரளுவானுங்க." உருண்டு வந்த கோலியை எடுத்துப் பையனிடம் போட்டார். "இவரு ஒத்தப் புள்ளை. அம்மா அப்பா இல்லாம மாமன் வூட்டுல வளந்தாரு. கூடப் பொரள ஆளு இருந்ததில்ல. இவருக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதும்மா."

நான் கத்தாமல் திரும்பி வந்தேன். அந்த அம்மாள் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவேண்டும் என்று சொல்லவில்லை, தன் பாரத்துக்குச் சொன்னார். இரக்கம் வந்ததா என்றால், வந்தது. வந்ததற்காக என் மேலேயே எரிச்சலாக இருந்தது. தெரியாத ஒருவர் தெரிந்தவர்களிடம் கேட்டிருக்கலாம். அஞ்சலை சொன்னாளே, சண்டை இல்லீங்க சார் என்று.

அடுத்த ஈத்தில் செவலை மூன்று குட்டி போட்டது. அதே வைக்கோல். அதுகள் கண் திறந்து கால் ஊன்றியதும் அவர் வந்து நின்று பார்த்தார், ஒரு வெள்ளைக் குட்டியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார், இன்னொரு குழாய்க்குக் கொண்டுபோனார். பெரிய நாய்க்கு ஒரு துணை நாய் வேண்டுமாம். மூன்று வாரம் பொறுத்தேன். சாயக் கொட்டகையில் என் பலகையில் காலியாகக் கிடந்த மறுகோடியைப் பார்த்துக்கொண்டு பொறுத்தேன்.

ஒரு மத்தியானம் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனேன். கம்பியைப் பிடுங்கி, குட்டியை எடுத்து ஓரமாக விட்டேன். சூளையில் கிடந்த கடப்பாரையைக் கொண்டுவந்து அந்தக் குழாயை உடைத்தேன். ஏற்கெனவே விரிசல் விட்ட குழாய்தான், ஆனாலும் லேசில் உடையவில்லை. ஏழெட்டு அடி போட வேண்டியிருந்தது. எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள், ஒருவரும் தடுக்கவில்லை. அவரும் வந்து நின்றார். வழக்கமான தூரத்தில்.

குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வைக்கோலில் விட்டேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன். மற்ற இரண்டும் மோந்து பார்த்தன. ஒன்று காலை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி ஆட்டத்துக்குக் கூப்பிட்டது. வெள்ளைக் குட்டி பாய்ந்து அதன் காதைக் கவ்வியது. 'கய்ங்' என்றது அது. வெள்ளை விடவில்லை. கடிபட்டது எப்படியோ உருவிக்கொண்டு தாய்க்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. இன்னொன்றும் கூடப் போய்விட்டது. வெள்ளை தனியாக நின்றது. அதற்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதுவே போய்க் காலை நீட்டிக் கூப்பிட்டது. மறுபடி விளையாட்டு, மறுபடி அழுத்திக் கடி, மறுபடி எல்லாம் விலகிப்போய்விட்டன. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. சோற்று நேரம் முடிந்து வேலை மணி அடித்தும் யாரும் உள்ளே போகவில்லை. கடைசியில் ஒருதரம் 'கய்ங்' என்ற சத்தம் கேட்டது, வெள்ளை வாயைத் திறந்தது. திறந்துவிட்டுத் திகைத்துப் பார்த்தது. கடிபட்டது போகாமல் அங்கேயே நின்று வாலை ஆட்டியது.

நான் அழுதுவிட்டேன். திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணை எடுக்கவில்லை. இதைவிடத் தெளிவாக யாராலும் அவருக்குச் சொல்லியிருக்க முடியாது.

"போச்சி" என்றார். "கெட்டுப்போச்சி இது."

நான் கடப்பாரையைச் சூளை ஓரத்தில் சாத்தி வைத்துவிட்டு, தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அப்புறம் அந்த யூனிட்டுக்கு வேலைக்குப் போகவில்லை.

அஞ்சலை பெண்ணாடத்தில் அக்காள் வீட்டோடு போய்விட்டாள். மூன்று தடவை போய்ப் பார்த்தேன். முதல் தடவை இடது கையால் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். "குடிச்சிட்டு கெளம்பு, பஸ்ஸு போயிடும்" என்றாள். சண்டை போடவில்லை. ஒன்று திட்டியிருக்கலாம், என் தொடையில் ரத்தம் வரக் கிள்ளியிருக்கலாம், நான் 'ஆ' என்றிருப்பேன். இரண்டாவது தடவையும் தண்ணீர்தான். மூன்றாவது தடவை அவள் அக்காள் வெளியே வந்து, அவள் வீட்டில் இல்லை என்றாள். உள்ளே அவள் இருமல் கேட்டது.

அவரைக் கடைசியாகப் பார்த்தது ஏழெட்டு வருஷம் கழித்து, விருத்தாசலம் ஸ்டேஷனில். திருச்சி பாசஞ்சருக்குக் காத்திருந்தேன். நீளமான சிமெண்டு பெஞ்சில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். கருநீலச் சட்டை வெளுத்துப்போயிருந்தது. தலை முழுக்க வெள்ளை. அவர்தான் என்னை முதலில் அடையாளம் கண்டுகொண்டார்.

"உக்காரும்மா" என்றார். பக்கத்தில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டார். "இப்படி கிட்டக்க வந்து உக்காரு. வெயிலு அடிக்குது அங்க."

நான் உட்காரவில்லை. அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ வருஷம் நான் சேர்த்து வைத்திருந்த பேச்சு, அந்த நேரம் பார்த்து ஒன்றும் வரவில்லை.

"ஒன்கூட ஒரு பொண்ணு இருக்குமே. கண்ணு எழுதும். ரெண்டு பேரும் எப்பவும் ஒட்டிக்கிட்டே இருப்பீங்க, நான்கூடச் சத்தம் போடுவேன்." லேசாகச் சிரித்தார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். "நல்லா இருக்குதா அது?"

"தெரியலீங்க" என்றேன்.

"ஏம்மா, பாக்கறதில்லியா?"

"பேசறதில்லீங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எப்போதும் ஆட்டுகிற அதே மாதிரி. நான் பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போய், வெயிலில், அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் நாலு பேர் உட்காரலாம். அன்றைக்கு என்னை யாரும் தள்ளி உட்காரச் சொல்லவில்லை.